பதிவு செய்த ஒலிக்குள்ளேயே சுருதி தேடுங்கள்

ரயில் நிலையம், சந்தை, மழை என்று எங்காவது பதிவு செய்த ஒலியை இசையாக்க வேண்டுமா? எடுத்த எடுப்பில் அதன் மேல் டிரம்ஸையும் கீபோர்டையும் அடுக்காதீர்கள். பதிவுக்குள்ளேயே ஒரு சுருதி ஒளிந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மோட்டார், மின்விசிறி, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் ஏதோ ஒரு சுரத்தில் ரீங்கரித்துக்கொண்டேதான் இருக்கும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸ், அதாவது மேற்கத்திய 'ஜி' சுரத்துக்குக் கொஞ்சம் மேலே. சுருதியைக் காட்டும் ட்யூனர் செயலியில் பார்த்துவிட்டு அதையே ஆதார சுருதியாக வைத்து, மற்ற கருவிகளை அதற்கு ஏற்றபடி சேருங்கள். பதிவை இழுத்து வளைத்துக் கருவிக்குப் பொருத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னொன்று: பதிவு ஓடும் வேகத்தைப் பாதியாக்கினால் ஒலி சரியாக ஒரு ஸ்தாயி இறங்கும். பறவைக் குரலில் செய்து பாருங்கள், ஆளே மாறிவிடும்! இப்படி மெதுவாக்கும் எண்ணம் இருந்தால் 96 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் (நொடிக்கு 96,000 முறை ஒலியை அளந்து) பதிவு செய்வது நல்லது; மேல் அதிர்வெண்களில் விவரம் மிஞ்சும். அப்புறம், வெளியில் மைக்குக்குக் காற்றுத் தடுப்பு உறை கட்டாயம். காற்றின் உறுமலைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாகத் துடைக்க முடியாது.