சின்ன வீட்டுக்கு ஸ்டோரேஜ் கட்டில்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கடைக்குப் போவதற்கு முன் டேப்பை எடுங்கள். குயீன் மெத்தை 60 × 78 அங்குலம். சட்டத்தோடு எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று அங்குலம் கூடும். பக்கவாட்டு டிராயர் என்றால் அதை முழுதாக இழுக்கவே இரண்டடி தரை வேண்டும். பத்தடி அறையில் பீரோவும் இருந்தால் அந்த இடம் கிடைக்காது. அங்கே மெத்தைப் பலகையை மேலே தூக்கித் திறக்கும் ஹைட்ராலிக்தான் சரி.

ஹைட்ராலிக்கில் கோளாறு பெரும்பாலும் கேஸ் ஸ்பிரிங்கில்தான், அதாவது பலகையை இரு பக்கமும் தூக்கிப் பிடிக்கும், வாயு அடைத்த உருளைகளில்தான். அதன் உருளையின் மேல் நியூட்டன் கணக்கில் விசை அச்சிட்டிருக்கும். மெத்தையின் எடைக்கு அது பொருந்த வேண்டும். கனமான தேங்காய்நார் மெத்தைக்கு விசை போதாவிட்டால் பலகை மேலே நிற்காமல் இறங்கும், கை நசுங்கும். லேசான ஃபோமுக்கு விசை அதிகமானால் பலகை முழுதாக மூடாது. அதனால் கடையில் வெறும் பலகையைத் தூக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் மெத்தை எடையைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு ஸ்பிரிங் பழுதானாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லையேல் பலகை கோணும்.

மரம்: சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் பார்ட்டிக்கிள் போர்டு (மரத்துகளைப் பசையோடு அழுத்திய பலகை) வேண்டவே வேண்டாம். தரை துடைக்கும் தண்ணீரிலேயே ஓரம் உப்பி, திருகு பிடிப்பு விட்டுவிடும். 18 மி.மீ. பிளைவுட், ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர முத்திரையில் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரைத் தாங்கும்) தரம் கேளுங்கள். அடிப்பலகை தரையில் படாமல் இருக்கட்டும்.

சோபா கம் பெட் என்றால் விரித்த நீளத்தை அளந்து, கதவு திறக்கிறதா என்று பாருங்கள்.