ரிட்டயர் ஆன பிறகு கார் இன்சூரன்ஸ்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

புதுப்பிக்கும் தேதி வந்ததும் நம் வயதுக்காரர்களில் பலரும் சொல்வது ஒன்றுதான்: “போன வருஷம் இருந்ததையே போட்டுடுங்க.” அந்தப் பாலிசி யாருக்காக எழுதப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். தினமும் ஆபீஸ் போய்வந்த, புது வண்டி வைத்திருந்த, லோன் கட்டிக்கொண்டிருந்த ஓர் ஆளுக்காக. இன்று வண்டிக்கு வயதாகிவிட்டது, லோன் முடிந்துவிட்டது, வாரத்தில் பாதி நாள் கார் நிழலில்தான் நிற்கிறது. பாலிசி மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் மோட்டார் சர்வேயராக வேலை பார்த்தவன். அடிபட்ட வண்டியைச் சுற்றிவந்து, எந்தச் செலவு கம்பெனியுடையது, எது சொந்தக்காரருடையது என்று பிரித்து எழுதுவதுதான் தொழில். இப்போது எனக்கே எழுபது தாண்டிவிட்டது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தாங்க முடியாத செலவுக்கு மட்டும் இன்சூரன்ஸ் எடுங்கள். தாங்கக்கூடியதைக் கையிலிருந்து போட்டுக்கொள்ளுங்கள்.

தாங்க முடியாதது எது? அடுத்தவருக்கு நாம் உண்டாக்கும் பாதிப்பு. முப்பது வயதுக்காரர் மேல் பெரிய நஷ்டஈடு விழுந்தால், சம்பாதித்துக் கட்ட அவருக்குக் காலம் இருக்கிறது. நமக்கு இருப்பது வீடும் சேமிப்பும்தான். ஆகவே தேர்டு பார்ட்டி பகுதியில் கை வைத்து மிச்சம் பிடிக்காதீர்கள். இந்தியாவிலும் பிரிட்டனிலும் உயிருக்கும் உடலுக்கும் ஆன இந்தப் பொறுப்புக்கு உச்சவரம்பு கிடையாது. அமெரிக்க மாநிலங்களில் வரம்பை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே இருப்பவர்கள் சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்தோடு நிற்காமல், தங்கள் சொத்து மதிப்பைப் பார்த்து வரம்பை ஏற்றிக்கொள்வது நல்லது.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம், சொந்த வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பகுதி, அதாவது ஓன் டேமேஜ். ஒரு பின்பக்க பம்பரை எடுத்துக்கொள்வோம். ரிவர்ஸ் எடுக்கையில் தூணில் உரசி பம்பர் கிழிந்து, விளக்கும் உடைந்துவிட்டது. மொத்த பில் 100 என்று வைத்தால், பிளாஸ்டிக் பாகங்கள் 60, வேலைக்கூலி 40. இந்தியக் கணக்குப்படி பிளாஸ்டிக்குக்குப் பாதி தேய்மானம், 30 போயிற்று. டிடக்டிபிள், அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்கும் தொகை, ஒரு 15 என்று வையுங்கள். கைக்கு வருவது 55. “முழுசா கவர் இருக்குன்னு சொன்னாங்களே!” என்று இந்த இடத்தில் என்னிடம் சண்டைக்கு வராத பெரியவரே கிடையாது.

இழப்பு அதோடு நிற்பதில்லை. இந்தியாவில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் செய்யாத வருடங்களுக்காக ஓன் டேமேஜ் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று படிப்படியாக ஏறும். 50-ல் இருப்பவர் ஒரு கிளெய்ம் செய்தால் சுழியத்துக்கு வந்துவிடுவார். மறுபடி 50-ஐத் தொடும்வரை ஆகும் கூடுதல் செலவைக் கூட்டினால், முதல் வருடம் 50 சதவீதம், பிறகு 30, 25, 15, 5, ஆக மொத்தம் 125 சதவீதம். தள்ளுபடி இல்லாத ஒரு வருட ஓன் டேமேஜ் பிரீமியத்தைப் போல ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு. கிளெய்மில் வரும் பணம் இதைவிடக் குறைவாக இருந்தால் ஒர்க்‌ஷாப்பில் பில்லைக் கட்டிவிட்டு வந்துவிடுங்கள். மற்ற நாடுகளில் படிகள் வேறு, கணக்குப் போடும் முறை இதேதான்.

சின்ன கிளெய்முக்குப் போகப் போவதில்லை என்று முடிவெடுத்தபின், அதற்காக ஏன் பிரீமியம் கட்ட வேண்டும்? டிடக்டிபிளை விருப்பப்பட்டு உயர்த்திக்கொண்டால் பிரீமியம் இறங்கும். அந்தத் தொகையை மட்டும் வங்கியில் தனியாக ஒதுக்கி வையுங்கள். மருத்துவச் செலவுக்கென்று வைத்ததில் கை வைக்கிற நிலை வரக்கூடாது. வண்டி ரொம்பப் பழசாகி, ஓன் டேமேஜ் பிரீமியமும் டிடக்டிபிளும் சேர்ந்து வண்டியின் இன்றைய விலையில் பெரும் பங்கை விழுங்குகிறது என்றால், தேர்டு பார்ட்டி மட்டும் போதும். வண்டி மேல் பாசம் வேறு, கணக்கு வேறு.

போனஸ் பற்றி இன்னொன்று. இந்தியாவில் அது வண்டிக்குச் சொந்தமானதல்ல, ஆளுக்குச் சொந்தமானது. வீட்டில் இருந்த காரை விற்கும்போது கம்பெனியிடம் போனஸ் சான்றிதழ் கேட்டு வாங்கிக்கொண்டால், 3 வருடத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். அதேபோல, பாலிசி காலாவதியாகி 90 நாள் தாண்டினால் சேர்த்த போனஸ் அத்தனையும் போய்விடும். பிள்ளைகளைப் பார்க்க மாதக்கணக்கில் வெளிநாடு போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஓடும் தூரம். இரண்டு சர்வீஸ் பில்களில் உள்ள கிலோமீட்டரைக் கழித்துப் பாருங்கள். எவ்வளவு குறைவாக ஓட்டுகிறோம் என்று நமக்கே வியப்பாக இருக்கும். ஓட்டும் தூரத்துக்கு ஏற்பக் கட்டும் பாலிசி பல நாடுகளில் உண்டு. இந்தியாவில் 2022-ல் இதை ஆட்-ஆனாக, அதாவது பாலிசியோடு தனியாகக் காசு கொடுத்துச் சேர்க்கும் கூடுதல் வசதியாக, கொடுக்க அனுமதி வந்தது. ஓட்டும் விதத்தையும் பதிவுசெய்யும் திட்டங்களில் இரவு ஓட்டமும் வேகமும் பார்க்கப்படும். நமக்கு இரண்டும் கிடையாது, லாபம்தான். ஆனால் சட்டென்று பிரேக் அடிப்பதும் கணக்கில் ஏறும் என்பதை மறக்க வேண்டாம்.

அமெரிக்கா, பிரிட்டன் போன்ற இடங்களில் எழுபதையொட்டி, வயதைக் காட்டியே பிரீமியம் ஏறத் தொடங்கும். அங்கே ஒரு வழி இருக்கிறது: கலிஃபோர்னியாவில் 55 வயது நிரம்பியவர் அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் வகுப்பை முடித்தால் தள்ளுபடி உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள்.

ஆட்-ஆன்களில் எனக்குப் பிடித்தது ரோட்சைடு அசிஸ்டன்ஸ். முட்டிவலியோடு ரோட்டோரத்தில் ஜாக்கி வைப்பது வீரமல்ல. கார் கம்பெனியே அதைக் கொடுத்திருந்தால் இரண்டாவது தடவை வாங்க வேண்டாம். விபத்துக் காப்பீட்டில் வயது வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். சாவி தொலைந்தால், டயர் கிழிந்தால் என்று வருபவற்றைத் தள்ளிவிடலாம்.

விலை கேட்கும்போது எல்லோரிடமும் ஒரே வண்டி மதிப்பு, ஒரே டிடக்டிபிள், ஒரே ஆட்-ஆன் சொல்லிக் கேளுங்கள். “இவர் மட்டும் இவ்வளவு மலிவா?” என்று தோன்றினால், வண்டியின் மதிப்பைக் குறைத்துப் போட்டிருப்பார், திருடுபோனால் கிடைப்பது அந்தக் குறைந்த தொகைதான்.

மலிவுக்காகப் பொய் மட்டும் வேண்டாம். தினமும் ஓட்டுவது மகன், பிரதான ஓட்டுநர் என்று எழுதுவது அப்பா பெயர்: ஓட்டுபவரை வைத்து விலை போடும் நாடுகளில் இது மோசடி. கண், சர்க்கரை, வலிப்பு என்று படிவத்தில் கேட்டிருந்தால் உள்ளதை எழுதுங்கள். லைசென்ஸ் தேதியையும் பாருங்கள். பிரிட்டனில் 70 வயதில் புதுப்பித்து, பிறகு 3 ஆண்டுக்கு ஒருமுறை. இந்தியாவில் 55-க்கு மேல் 5 ஆண்டுக்கு ஒருமுறை. செல்லாத லைசென்ஸோடு ஓட்டி இடித்தால், எவ்வளவு நல்ல பாலிசியானாலும் கிளெய்ம் சிக்கலாகும்.

புதுப் பாலிசி வந்ததும் பெயர், எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் மூன்றையும் பழைய பாலிசி, ஆர்.சி. புத்தகம் இரண்டோடும் ஒப்பிடுங்கள்; போனஸ் சதவீதம் சரியான படியில் இருக்கிறதா என்று பழைய பாலிசியை வைத்துப் பாருங்கள். ஓர் எழுத்து தவறாக இருந்தாலும் அன்றைக்கே கம்பெனிக்கு மெயில் போட்டுத் திருத்தி வாங்குங்கள். போனில் சொன்னதற்குக் கையில் ஆதாரம் இருக்காது.