ஊர்ப் புகைப்படக்காரரின் டிரங்குப் பெட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒகேனக்கல்லையும் ராயக்கோட்டை மலையையும் படம் எடுத்து, சுற்றுலா வழிகாட்டிப் புத்தகமும் போட்ட ஒருவர் காலமாகிறார். பரணிலிருந்து அவருடைய டிரங்குப் பெட்டி இறங்குகிறது. உடனே வீட்டில் பிரிக்க உட்கார்ந்துவிடுவார்கள். நல்ல படங்கள் ஒரு பக்கம். பில், கடிதம், புரூப் தாள் (அச்சுக்கு முன் பிழை திருத்தும் தாள்) எல்லாம் பழைய பேப்பர் கடைக்கு. இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான்.

கிருஷ்ணகிரியில் ஒரு வீட்டில் நான் பார்த்த புரூப் தாளில், ‘சேலம் மாவட்டம்’ என்பதைச் சிவப்பு மையால் அடித்து ‘தர்மபுரி மாவட்டம்’ என்று எழுதியிருந்தது. தர்மபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2. ஆக, அந்தத் திருத்தம் அதற்குப் பிந்தையது. அதே கவரில் தேதியே இல்லாத அருவி நெகட்டிவ்கள் சில இருந்தன. புதுப் பதிப்புக்காக எடுத்தவையாக இருக்கலாம் என்று ஒரு பிடி கிடைத்தது. தாளைக் கடையில் போட்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.

அதனால் ஊர்வாரியாக அடுக்குகிறேன் என்று கவர்களைக் கலைக்காதீர்கள். எது எதோடு இருந்தது என்பதே ஒரு தகவல். எடுப்பதற்கு முன் பெட்டியை இருந்தபடியே போனில் படம் எடுங்கள், அப்புறம் கவர்களுக்குப் பென்சிலால் எண் போடுங்கள்.

‘கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டம்’ என்று படத்தின் பின்னால் இருந்தால் அதைத் திருத்தவும் வேண்டாம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமான 2004 பிப்ரவரி 9 வரை அது சரியான முகவரிதான்.

கிழிந்த தாளில் செலோடேப் ஒட்டினால் பசை மஞ்சளாகிக் கறை படியும். லேமினேஷன் செய்தால் திரும்பப் பிரிக்க முடியாது. ரப்பர் பேண்ட், குண்டூசி, படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனா, மூன்றும் கூடாது.

நெகட்டிவ் கவரைத் திறந்ததும் வினிகர் போலப் புளித்த வாடை வந்தால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த ஆவி பக்கத்துப் பிலிமையும் கெடுக்கும். எந்தக் கவரிலிருந்து எடுத்தது என்று எழுதிவைத்துவிட்டு அதைத் தனியே வையுங்கள், முதலில் அதையே ஸ்கேன் செய்யுங்கள். பெட்டி மறுபடி பரணுக்குப் போக வேண்டாம். தளத்தின் சூடு நேராக அங்கேதான் இறங்கும். உள்ளறை பீரோவின் நடுத்தட்டு போதும்.

ஸ்கேன் முடிந்ததென்று அசலைத் தூக்கிப் போடுபவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

படத்தில் பரிசல் தள்ளுகிறவர் யார், பின்னால் தெரியும் சாவடி எது என்று சொல்லக்கூடியவர்களுக்கு இன்று எண்பது வயது இருக்கும். மற்ற வேலைகளை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம். அவர்களிடம் மட்டும் இந்த வாரமே படங்களோடு போய் உட்காருங்கள்.