முதிய தம்பதியர் சபை ஊழியத்தில் அன்றாட நாளை அமைத்துக்கொள்வது எப்படி

பணி ஓய்வு பெற்ற பின் சபையின் ஊழியத்துக்குக் கணவனும் மனைவியுமாகப் புறப்படுகிறவர்கள், புது மொழியை நினைத்தும் உடல்நிலையை நினைத்தும் கவலைப்படுவது இயல்பு. ஆனால் எங்களைத் தளர வைத்தவை அவை அல்ல. வரவேற்பும் அறிமுகங்களும் முடிந்த மூன்றாம் வாரத்தில் ஒரு காலை, "இன்று நாம் என்ன செய்யப்போகிறோம்?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் என் கணவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அத்தகைய நாட்களை எப்படி அமைத்துக்கொள்வது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

புறப்படுவதற்கு முன்பே, பணி என்ன, காலம் எவ்வளவு, செலவு யாருடையது, அங்கே உங்களை வழிநடத்துபவர் யார் என்ற நான்கையும் அனுப்பும் சபையிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இது சபைக்குச் சபை மாறும். எடுத்துக்காட்டாக, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் இளைஞர்கள் 24 மாதங்களும் இளம்பெண்கள் 18 மாதங்களும் ஊழியம் செய்கிறார்கள். முதிய தம்பதியரோ 6, 12, 18, 23 மாதங்கள் என்ற அளவுகளில் தங்களுக்கு இயன்றதைத் தெரிவிக்கலாம். செலவைப் பொதுவாகத் தாங்களே ஏற்கிறார்கள். இளம் ஊழியர்களுக்கு உள்ள கண்டிப்பான நேர அட்டவணை அவர்களுக்கு இல்லை. அலுவலகக் கணக்கு, வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்வது, நிவாரண உதவி, வம்ச வரலாற்று ஆவணங்கள், சிறிய சபைகளைத் தாங்கி நிற்பது எனப் பணி பலவகைப்படும். கையெழுத்துப் போடும் முன், சபை எழுத்தில் தந்ததை இருவரும் தனித்தனியே படித்து, தனித்தனியே சம்மதம் சொல்ல வேண்டும். ஒருவருடைய அழைப்புக்கு மற்றவர் துணையாகப் போகிறார் என்ற எண்ணத்தோடு கிளம்பினால் அது சில மாதங்களில் குடும்பத்தின் மனக்குறையாகிவிடும்.

மருந்து விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். வேறு நாட்டுக்குப் போவதானால், தடுப்பூசிகளுக்காகக் குறைந்தது 4 முதல் 6 வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். மருந்துகளின் வணிகப் பெயரை மட்டும் நம்பாமல் மூலப்பெயரையும் அளவையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். மருந்துகளைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். குறிப்பாக இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் வைத்தால் குளிரில் உறைந்து கெட்டுவிடலாம். வயதானால் தாகம் தெரிவது குறையும் என்பதால், போன இடத்தில் தாகத்துக்குக் காத்திராமல் நேரம் பார்த்துத் தண்ணீர் குடியுங்கள்.

இனி அன்றாட நாள். காலையில் முதலில் தனி ஜெபம், பிறகு இருவரும் சேர்ந்து வேதபாகம் வாசித்து ஜெபம், அதன் பின் அன்றைய பணியைப் பேசி முடிவு செய்வது என்ற வரிசையை நாங்கள் மாற்றியதே இல்லை. வாரத்துக்கு 150 நிமிட நடை வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதை, நாளுக்கு 30 நிமிடமாக ஐந்து நாட்களுக்குப் பிரித்துக்கொள்ளலாம். அந்த நடையையே அக்கம்பக்கத்தாரைப் பழகிக்கொள்ளும் நேரமாக்கினால் இரண்டும் நிறைவேறும். வெளியே செல்லும் பணிகளை முற்பகலில் வைத்துக்கொண்டு, பிற்பகலில் சற்றுப் படுத்து எழுங்கள். அதற்காகக் குற்றவுணர்வு வேண்டாம். களைத்துப்போன ஊழியர் பிறர் துயரத்தைப் பொறுமையாகக் கேட்க முடியாது. துணி துவைக்கவும் கடைக்குப் போகவும் வீட்டுக்குக் கடிதம் எழுதவும் வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கி, அந்த நாளைச் சபைத் தலைவர்களுக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

மிகவும் கவனம் வேண்டிய இடம் தம்பதியரின் உறவுதான். நாற்பது ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்திருந்தாலும், பகல் முழுவதும் ஒரே வேலையில் ஒன்றாக இருந்து பழகியவர்கள் குறைவு. தொடக்க மாதங்களில் என்னிடம் யார் எதைக் கேட்டாலும் என் கணவரே பதில் சொல்லிவிடுவார். ஒரு வீட்டிலிருந்து வெளியே வந்ததும், "என்னங்க, அந்த அம்மா என்னிடம்தானே கேட்டார்கள்?" என்றேன். அவர் நின்று யோசித்து, தான் அதைக் கவனிக்கவே இல்லை என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போவதற்கு முன், இங்கே பேசுவது யார், கேட்டுக்கொண்டிருப்பது யார் என்று வாசலிலேயே முடிவு செய்துகொண்டோம். நாளில் ஒரு மணி நேரமாவது ஒருவரை விட்டு ஒருவர் தனியே இருப்பதும், ஒருவர் மேல் மற்றவருக்கு உள்ள குறையை அன்றிரவே சொல்லிவிடுவதும் அவசியம். அப்போஸ்தலருடைய நடபடிகளில் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் கூடாரத் தொழிலைச் சேர்ந்து செய்தார்கள். அப்பொல்லோவைத் தங்களிடம் அழைத்துத் தேவனுடைய வழியை விளக்கியதும் இருவரும் சேர்ந்துதான்.

வீடு சந்திப்புக்கு ஒரு சிறு நோட்டுப்புத்தகம் போதும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பெயர்களைச் சரியான உச்சரிப்போடு எழுதி, கீழே அவர்கள் எதிர்நோக்கியிருக்கும் ஒன்றை மட்டும் குறியுங்கள்: மகளின் தேர்வு, முழங்கால் அறுவைச் சிகிச்சை, வேலைக்கான நேர்காணல். அடுத்த முறை போகும்போது அதைப் பற்றியே முதலில் கேளுங்கள். கணவரை இழந்த ஒரு மூதாட்டியிடம், அவர் கண் பரிசோதனை எப்படி முடிந்தது என்று நான் கேட்டபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அன்று நாங்கள் கொண்டுபோன வேதபாடம் பையிலேயே இருந்துவிட்டது. நம்பிச் சொன்ன இரகசியங்களை அந்தப் புத்தகத்தில் எழுதவே கூடாது. அது தொலைந்துபோகக்கூடிய பொருள்.

இளம் ஊழியர்களின் குடியிருப்பைப் பார்வையிடும் பொறுப்பு தரப்பட்டால், முன்னறிவித்துப் போங்கள். புகை எச்சரிக்கைக் கருவி ஒலிக்கிறதா, எரிவாயுக் குழாயில் விரிசல் விழுந்திருக்கிறதா, கதவுத் தாழ் சரியாக விழுகிறதா, குளிர்பதனப் பெட்டியில் உண்ணத்தக்கது ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். தூசியைக் கண்டு கடிந்துகொள்வதைவிட, துடைப்பத்தை எடுத்து அவர்களோடு சேர்ந்து பெருக்குவது பலன் தரும். ஒருவன் வழக்கத்துக்கு மாறாகப் பேசாமலிருந்தால், அவனிடம் தனியே இரண்டு வார்த்தை பேசுங்கள். தூக்கமின்மையோ தொடர்ந்த சோர்வோ தெரிந்தால், அறிவுரையோடு நிறுத்தாமல் பொறுப்பாளருக்குத் தெரிவித்து மருத்துவ உதவிக்கு வழிசெய்யுங்கள்.

ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில் அழையுங்கள். பேரக்குழந்தையின் பிறப்பையும் நெருங்கியவரின் இறப்பையும் தொலைவிலிருந்து தாங்க வேண்டி வரலாம் என்பதால், எந்தச் சூழலில் ஊர் திரும்புவோம் என்பதைப் புறப்படும் முன்பே குடும்பத்தோடு பேசி முடிவு செய்யுங்கள். வங்கி, ஓய்வூதியம், வீட்டு வரி ஆகியவற்றைக் கவனிக்கப் பிள்ளைகளில் ஒருவருக்கு எழுத்துபூர்வமான அதிகாரம் கொடுத்துவிடுவது நல்லது.

கடைசி இரண்டு மாதங்களைப் புதுச் சந்திப்புகளுக்குச் செலவிடாதீர்கள். உங்களுக்குப் பின் வருபவரையோ, அந்தச் சபையைச் சேர்ந்த ஒருவரையோ ஒவ்வொரு வீட்டுக்கும் உடன் அழைத்துச் சென்று, நோட்டுப்புத்தகத்தில் இருக்கும் பெயர்களைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொடுங்கள். மூன்றாம் முறை போகும்போது கதவைத் தட்டுவதும் முதலில் பேசுவதும் அவராகவே இருக்கட்டும். நீங்கள் இருவரும் பின்னால் நில்லுங்கள்.