சேவைச் சங்கத்தில் புதிதாகப் பொறுப்பெடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூலை வந்தால் பதவியேற்பு விருந்துகள் தொடங்கிவிடும். ரோட்டரியானாலும் லயன்ஸானாலும் சங்க ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. மலேசியாவில் எங்கள் கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டப்புறச் சிற்றூர்களில் புதிதாகத் தலைவராகும் தம்பி தங்கைகளைப் பார்க்கிறேன். எங்கள் காலத்தில் நடந்த அதே கோளாறுகள் திரும்ப நடக்கின்றன. நேரத்துக்குக் கூட்டத்தைத் தொடங்குங்கள், கணக்கை எழுதி வையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

முன்னவர் தொடங்கியதை முடக்குவது

இதை மட்டும் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு சங்கம் படிவம் 5 பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தியது. மலாய், வரலாறு இரண்டே பாடங்கள். இந்த இரண்டிலும் தேறாவிட்டால் மற்றதில் எத்தனை ‘ஏ’ எடுத்தாலும் படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வின் சான்றிதழ் கிடையாது. வரலாறும் கட்டாயத் தேர்ச்சியானது 2013-இல். கோயில் மண்டபத்தில் வகுப்பு. செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் லயத்து வீடுகளிலிருந்து பிள்ளைகளை ஏற்றிவந்து, இரவில் வாசலிலேயே இறக்கிவிட ஒரு வேன். ஆசிரியர் சம்பளத்தைவிட வேன் வாடகைதான் அதிகம்.

ஜூலையில் தலைவர் மாறினார். புதியவர் நல்ல மனிதர், உழைப்பாளி. ஆனால் தன் பெயர் சொல்ல ஒரு திட்டம் வேண்டும் என்று கண் பரிசோதனை முகாமுக்குப் பணத்தைத் திருப்பினார். “வகுப்பை நிறுத்தலையே, வேனை மட்டும்தானே நிறுத்தினோம்” என்றார். விளக்கில்லாத செம்மண் பாதையில் இரவு நேரத்தில் பெண் பிள்ளையை யார் தனியாக அனுப்புவார்? மோட்டார் சைக்கிள் வைத்திருந்த அப்பாக்கள் சில நாள் கொண்டுவந்து விட்டார்கள். அப்புறம் அவர்களுக்கும் வேலை நேரம் மாறிப்போனது. கடைசியில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தது டவுன் பிள்ளைகள் நாலு பேர்தான். யாருக்காக வகுப்பு தொடங்கியதோ, அந்தத் தோட்டத்துப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. சங்க அறிக்கையில் மட்டும் “வகுப்பு தொடர்ந்து நடைபெறுகிறது” என்று இருந்தது. சந்தையில் ஒரு தாய் என்னைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, வேன் இனிமே வராதா?” என்று கேட்டார்.

சங்க ஆண்டு வேறு, பள்ளி ஆண்டு வேறு. பிள்ளைக்குப் பாடம் பாதியில் இருக்கும்போது உங்கள் பதவி மாறுகிறது. அடுத்து வரப்போகிறவரை ஜனவரியிலேயே உள்ளே இழுங்கள். வகுப்பில் உட்கார்ந்து பார்க்கட்டும், ஒரு நாள் அந்த வேனில் ஏறிப் போய் வரட்டும். தேர்வு முடியும்வரைக்கான பணத்தை ஜூன் செயற்குழுவிலேயே ஒதுக்கித் தீர்மானமாக எழுதுங்கள். தலைவர் மாறினாலும் வகுப்புப் பொறுப்பாளரை மாற்றாதீர்கள். வங்கியில் கையெழுத்து மாற்றும் வேலையையும் தள்ளிப் போடாதீர்கள். பழையவர் கையெழுத்துப் போட முடியாது, புதியவர் பெயர் இன்னும் ஏறவில்லை என்று ஆசிரியர் சம்பளம் நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

கண் முகாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல காரியம்தான். அதற்குப் புதிதாகப் பணம் திரட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் வேனிலிருந்து எடுக்காதீர்கள்.

அனுமதியில்லாமல் உண்டியல் தூக்குவது

வேண்டாம். வீதி வசூலுக்கும் வீடுவீடாக வசூலிப்பதற்கும் 1947-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. முதலில் போலீஸ் அனுமதி, பிறகு உண்டியல்.

சந்தாவையும் வசூலையும் கலப்பது

லயன்ஸில் இரண்டும் தனித்தனிக் கணக்கு. பொதுமக்கள் தந்த பணத்தில் சங்கத்து விருந்துச் செலவு ஒரு வெள்ளிகூடச் சேரக் கூடாது.

கேட்காமல் கொடுப்பது

தீபாவளி நேரத்தில் ஒரே வீட்டுக்கு மூன்று சங்கங்கள் அரிசி மூட்டை கொண்டுபோகும். அந்த வீட்டுப் பேரனுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை என்பது ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பிறந்த 60 நாளுக்குள் பதியாமல் விட்டால் அப்புறம் எவ்வளவு அலைச்சல்! அந்தப் பாட்டிக்குத் தேவை, பதிவிலாகாவுக்குக் காரில் கூட்டிப்போய் பாரம் நிரப்பிக் கொடுக்க ஒரு ஆள். போய் உட்கார்ந்து, “என்னம்மா வேணும்?” என்று கேளுங்கள். படம் எடுப்பதை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

ஆண்டறிக்கையை மறப்பது

ஆண்டுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் அறிக்கை சங்கப் பதிவிலாகாவுக்குப் போயாக வேண்டும். செயலாளர் பார்த்துக்கொள்வார் என்று இருக்காதீர்கள். அனுப்பியதற்கான அத்தாட்சியைத் தலைவரே வாங்கிப் பாருங்கள்.