டர்போவைக் கழற்றும் முன் இரண்டு கேஜ்களை மாட்டுங்கள்

சங்ககிரியில் என் பட்டறைக்கு இழுவை குறைந்த லாரி வரும்போது கூடவே ஒரு தீர்ப்பும் வந்துவிடுகிறது: டர்போ போய்விட்டது. நான் அதை உடனே ஏற்பதில்லை. டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் விசிறி. அதைச் சுழற்றுவது இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை. இன்ஜினுக்குப் போதிய டீசல் வராவிட்டால் புகையின் சூடு குறையும், டர்போ மந்தமாகும், பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், தானாகவே விழும். தவணை கட்டி வண்டி ஓட்டுபவரிடம் புது டர்போ வாங்கச் சொல்வதற்கு முன், பூஸ்டையும் டீசல் அழுத்தத்தையும் ஒரே ஓட்டத்தில் சேர்த்துப் பார்ப்பது நம் கடமை.

முதலில் காசில்லாத சோதனைகள். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா? மூடியைத் தளர்த்தியதும் இழுவை திரும்பினால் வேலை அங்கேயே முடிந்தது. ஏர் ஃபில்டரைப் பாருங்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் இதைத் தவறவே விடாதீர்கள். போர்வெல் போடும்போது எழும் கல்தூள் ஃபில்டரைச் சீக்கிரம் அடைத்துவிடும்.

பூஸ்ட் கேஜை, டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் பிறகு, இன்ஜினுக்குள் காற்று நுழையும் இன்டேக் மானிஃபோல்டில் உள்ள பிளக்கைக் கழற்றி மாட்டுங்கள். 4 பார் (பார் என்பது அழுத்த அலகு) வரை காட்டும் கேஜ் போதும். டீசல் கேஜ், டீசல் ஃபில்டருக்குப் பிறகு, டீசலை உயர் அழுத்தத்தில் தள்ளும் பெரிய பம்புக்கு முன்னால் வர வேண்டும். 10 பார் அளவில், கிளிசரின் நிரப்பியதாக இருந்தால் முள் நடுங்காது. ஹோஸை இணைக்கும், நடுவே துளையுள்ள பேன்ஜோ போல்ட்டுக்குப் புதுச் செப்பு வாஷர் போடுங்கள். ஹோஸ் டீசலைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். அது எக்ஸாஸ்டையோ ஃபேனையோ தொடக்கூடாது. டீசல் ஹோஸைக் கேபினுக்குள் கொண்டுவராமல், கேஜை முன்கண்ணாடிக்கு வெளியே கட்டி உள்ளிருந்து பாருங்கள். கேபினை இறக்கும்போது ஹோஸ் நசுங்குகிறதா என்றும் கவனியுங்கள்.

காமன் ரெயில் இன்ஜினில், அதாவது எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து (ரெயில்) டீசல் போகும் இன்ஜினில், பெரிய பம்புக்கு அப்பால் இருக்கும் எந்தக் குழாயையும் ஓடும்போது தளர்த்தாதீர்கள். அங்கே அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல்தான் தெரியும், ஆனால் உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலே போகலாம். ரெயில் அழுத்தத்தை, வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனரில் மட்டும் பாருங்கள்.

நிறுத்திய வண்டியை நியூட்ரலில் உறுமவிட்டுப் பார்ப்பது வீண். லோடு இல்லாமல் பூஸ்ட் ஏறாது. சோதனை ஓட்டத்துக்குத் திம்பம் மலைக்குப் போகவேண்டாம். 27 கொண்டை ஊசி வளைவுகளில் அடிக்கடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க நேரும். சேலத்திலிருந்து தர்மபுரி நோக்கித் தொப்பூர் ஏற்றம்தான் என் தேர்வு. லோடு வண்டியில், ஒரே கியரில், ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்திப் பிடித்து ஏற வேண்டும். ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும். பக்கத்தில் இருப்பவர் கேஜ்களைக் கைப்பேசியில் படமெடுக்கட்டும்.

முழு லோடில் பல லாரிகளில் பூஸ்ட் 1.5 முதல் 2.5 பார் வரை வரும். பழைய இன்லைன் பம்புகளுக்கு (காமன் ரெயிலுக்கு முந்தைய வகை) டீசல் 1 முதல் 2.5 பார் வரை போதும். காமன் ரெயிலில் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாக வேண்டும். உங்கள் இன்ஜினின் கையேடு சொல்லும் எண்ணே இறுதியானது.

டீசல் முள் நிலையாக நிற்க, பூஸ்ட் மட்டும் குறைந்து கரும்புகை வந்தால் கோளாறு காற்றுப் பக்கம். ஹோஸ் கிளாம்புகளிலும் இன்டர்கூலர் மூலைகளிலும் சோப்பு நீர் தடவிக் கசிவைத் தேடுங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால், இன்ஜின் ஆறிய பிறகு டர்போ ஷாஃப்டின் ஆட்டத்தைப் பாருங்கள்.

ஏற்றத்தில் டீசல் முள் முதலில் விழுந்து, பின்னால் பூஸ்ட் விழுந்தால் டர்போவைத் தொடாதீர்கள். ஃபில்டருக்கு முன்னும் அளந்து பாருங்கள். முன்னால் சரி, பின்னால் குறைவு என்றால் ஃபில்டர் அடைப்பு. இரண்டும் குறைவென்றால் டேங்க் வலை, உறிஞ்சும் குழாய், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் ஆகியவற்றைப் பாருங்கள். முள் துடித்தால் டீசல் குழாயில் காற்று புகுகிறது. உறிஞ்சும் குழாயில் சிறிது நேரம் உள்ளே ஓடுவது தெரியும் ஒரு துண்டு பிளாஸ்டிக் ஹோஸைச் சேர்த்தால் குமிழி தெரியும்.

பழைய பம்புகளில் மானிஃபோல்டிலிருந்து பம்பின் தலைக்குப் போகும் சிறு ரப்பர் குழாயையும் பாருங்கள். அது வெடித்திருந்தால் பூஸ்ட் இல்லையென்று கருதி பம்ப் டீசலைக் குறைத்துவிடும். புகையும் வராது, இழுவையும் இருக்காது. பிஎஸ்6 மாசு விதிப்படி வந்த புது வண்டிகளில் புகையை நம்பாதீர்கள். எக்ஸாஸ்டில் உள்ள வடிகட்டி அதை விழுங்கிவிடும்.

கேஜ்களைக் கழற்றியதும் மறுபடி புது வாஷர் போட்டு, கையால் அடிக்கும் ஹேண்ட் பிரைமர் பம்பால் டீசல் குழாயிலுள்ள காற்றை எடுத்து, இன்ஜினைச் சிறிது ஓடவிட்டு, இணைப்புகளைத் துணியால் துடைத்துக் கசிவு பாருங்கள். அளந்த எண்களை, ஆர்பிஎம்மோடு, வண்டியின் சர்வீஸ் நோட்டில் எழுதி உரிமையாளரிடமே கொடுத்துவிடுங்கள்.