உப்பு பட்டால் இளகும் ஜெல்: பாலிமர் பொருள்களில் நாம் செய்யும் தவறுகள்

வீட்டில் இருக்கும் கற்றாழை ஜெல்லின் சேர்க்கைப் பட்டியலில் ‘கார்போமர்’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், ஒரு தேக்கரண்டி ஜெல்லைக் கிண்ணத்தில் எடுத்து, ஒரு சிட்டிகை சமையல் உப்பைத் தூவிக் கலக்குங்கள். கண்ணாடிபோல் நின்றுகொண்டிருந்த ஜெல் சில நொடிகளில் இளகி நீர்த்துப்போகும். பள்ளி மாணவர்களுக்கு இதைச் செய்து காட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முதல் வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று எட்டிப் பார்ப்பார்கள்.

கார்போமர் என்பது பாலிஅக்ரிலிக் அமிலச் சங்கிலிகளை ஆங்காங்கே முடிச்சுப் போட்டுச் செய்த வலை. அமிலத்தன்மையில் அது சுருண்டு கிடக்கும். காரம் சேர்த்ததும் சங்கிலி நெடுகிலும் எதிர்மின்னூட்டம் ஏறும். கண்ணிகள் ஒன்றையொன்று தள்ளும். வலை விரிந்து தண்ணீரை நிரப்பிக்கொள்ளும். நூறு கிராம் தண்ணீருக்கு அரை கிராம் கார்போமர் போதும், ஜெல் நிற்கும். உப்பைச் சேர்த்தால் சோடியம் அயனிகள் அந்த மின்னூட்டத்தை மூடிவிடுகின்றன. தள்ளும் விசை குறைந்து வலை மடங்குகிறது.

தோலில் பூசுவது, புண்ணில் ஒட்டுவது, உடலுக்குள் செலுத்துவது, சர்க்கரை அளப்பது என்று நாம் பயன்படுத்தும் பல பாலிமர் பொருள்களுக்கு, அதாவது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆன பொருள்களுக்கு, இப்படித் தண்ணீரோடு ஓர் உறவு இருக்கிறது. நாம் அவற்றை வெறும் பிளாஸ்டிக்காக நினைத்துக் கையாள்கிறோம். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன.

ஜெல்லில் எலுமிச்சைச் சாறு, வைட்டமின் சி பொடி, கல்லுப்பு என்று எதையாவது கலந்து ‘வீட்டுத் தயாரிப்பு’ செய்வது முதல் தவறு. சாற்றின் அமிலம் வலையைச் சுருட்டுகிறது, உப்பு மடக்குகிறது. அதைவிட மோசம், கெடாமல் காக்கும் பொருள் நீர்த்துப்போய்க் கிருமிகள் வளர இடம் கிடைப்பது.

ஜெல் பூசிய கையோடு அதன்மேல் சன்ஸ்கிரீன் தேய்ப்பது அடுத்தது. ரப்பரால் பென்சில் எழுத்தை அழித்தால் உதிரும் துகள்போல முகத்தில் திரிதிரியாக உருளும். ‘அழுக்கு வருகிறது’ என்று மகிழ்கிறவர்களும் இருக்கிறார்கள். உருள்வது பாலிமர் படலம். அதோடு வெயிலைத் தடுக்கும் பூச்சும் போகிறது. முதல் பூச்சு மெல்லியதாக இருக்கட்டும். அது காயச் சில நிமிடம் விடுங்கள். மேலே பூசும்போது அழுத்தித் தேய்க்காமல் ஒற்றுங்கள்.

சிலிக்கோன் கலந்த கிரீம் தோலை மூச்சுமுட்டச் செய்யும் என்பது வீண் பயம். நாம் மூச்சு விடுவது நுரையீரலால். தவிர, சிலிக்கோன் ஆக்சிஜனைத் தாராளமாக ஊடுருவவிடும் பொருள். காண்டாக்ட் லென்ஸ்களில் அதைச் சேர்ப்பதே அதற்காகத்தான்.

லென்ஸ் விஷயத்தில் பயப்பட வேண்டியது வேறு. 1961ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாள்களில் செக் வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே, குழந்தைகளின் விளையாட்டுப் பாகங்களையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு வீட்டிலேயே ஓர் இயந்திரம் கட்டி, மென்லென்ஸ்களை வார்த்தார். அவை ஹைட்ரோஜெல், அதாவது தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும் பாலிமர் வலை. அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். தண்ணீரால் ஆன பொருளைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால், அதில் வாழும் அகாந்தமீபா லென்ஸில் ஒட்டிக்கொண்டு கண்ணுக்கு வரலாம். கருவிழியை அரித்துப் பார்வையையே பறிக்கக்கூடிய நுண்ணுயிர் அது. லென்ஸுக்கென்று விற்கும் கரைசல் தவிர வேறு எந்தத் தண்ணீரும் கூடாது. எச்சிலும் கூடாது.

இனி, எங்கள் வீட்டில் நடந்த தவறு. அத்தைக்கு இடுப்பின் கீழே சிறிய படுக்கைப்புண். செவிலியர் ஹைட்ரோகொல்லாய்டு பட்டை ஒட்டிவிட்டு, ‘நான்கைந்து நாள் தொடாதீர்கள்’ என்று சொல்லிப் போனார். மறுநாள் காலையில் பட்டையின் நடுவில் வெண்மையாக ஒரு கொப்புளம். இரண்டாம் நாள் ஓரத்தில் மஞ்சள் குழம்பு, லேசான வாடை. சீழ் பிடித்துவிட்டது என்று பதறி, நானே ஒரு முனையைப் பிடித்து மேல்நோக்கி இழுத்தேன். புதிதாக மூடிக்கொண்டு வந்த தோல் பட்டையோடு வந்துவிட்டது. அத்தை சத்தம் போடவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டார். அந்த முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

அது சீழே அல்ல. அந்தப் பட்டையில் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், ஜெலட்டின், பெக்டின் போன்றவை இருக்கின்றன. புண்ணின் கசிவை உறிஞ்சி அவை ஊதும்போது மஞ்சளான, வாடையுள்ள குழம்பாகத்தான் மாறும். பட்டை தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அடையாளம் அது. புண்ணைக் காற்றாட விட்டு உலர்த்த வேண்டும் என்ற பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. ஆனால், 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் மேலோட்டமான காயங்களை பாலித்தீன் படலத்தால் மூடிப் பார்த்தபோது, திறந்து விட்ட காயங்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் புதுத்தோல் மூடியது. பொருக்கு கட்டிய காயத்தில் புதுச் செல்கள் அதன் அடியில் ஈரம் தேடிச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது.

கொப்புளம் பட்டையின் விளிம்பை நெருங்கும்போது, அல்லது கசியும்போது மாற்றினால் போதும். எடுக்கும்போது மேலே தூக்க வேண்டாம். ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு, பட்டையைத் தோலுக்கு இணையாகப் பக்கவாட்டில் நீட்டுங்கள். பசை தானாக விடும். குழம்பைக் கழுவிய பிறகும் வாடை இருந்தால், சுற்றிலும் சிவப்பு பரவினால், சூடும் வலியும் கூடினால், காய்ச்சல் வந்தால் அது தொற்று. உடனே மருத்துவரிடம் போக வேண்டும். நீரிழிவுக்காரரின் கால் புண்ணில் மருத்துவரைக் கேட்காமல் இதை ஒட்டவே கூடாது.

வழுக்கும் பூச்சுள்ள சிறுநீர்க் குழாய்களில் ஒரே குறிப்புதான். பெரும்பாலும் அவற்றின் மேல் இருப்பது பாலிவினைல்பைரோலிடோன். ஈரமானால் வழுக்கும், உலர்ந்தால் பசையாக ஒட்டும். உறையில் சொன்னபடி, சொன்ன நேரம் நனையுங்கள். அதன்மேல் எண்ணெயோ வேறு ஜெல்லோ தடவ வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தியதைக் கழுவிக் காயவைத்து மறுபடி செலுத்த வேண்டாம்.

சர்க்கரை அளக்கும் ஸ்ட்ரிப்பைப் பலரும் காகிதத் துண்டாக நினைக்கிறார்கள். பாலிமர் அட்டையில் மின்முனைகள், அவற்றின்மேல் நொதி கலந்த மெல்லிய படலம், இரத்தத்தை உள்ளே இழுக்கும் நுண்கால்வாய் எல்லாம் அந்தத் துண்டில் அடங்கியிருக்கின்றன. காற்றின் ஈரம் பட்டால் நொதிப்படலம் கெடுகிறது. ஸ்ட்ரிப் குப்பியின் உட்சுவரோ மூடியோ ஈரம் உறிஞ்சும் பொருள் கொண்டது. அதனால்தான் ஸ்ட்ரிப்பை வேறு டப்பாவுக்கு மாற்றக் கூடாது, ஒன்றை எடுத்ததும் மூடியை அழுத்தி மூட வேண்டும். அடுப்படி அலமாரியும் குளியலறையும் அதற்கு இடமல்ல. மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் விரலைக் குத்தினால், மீட்டர் மாம்பழச் சர்க்கரையையும் சேர்த்தே காட்டும்.

கையில் ஒட்டும் சென்சார் அளப்பது தோலடித் திசுநீரை. இரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கியே காட்டும். அந்தப் பக்கமாகச் சாய்ந்து தூங்கினால், அழுத்தத்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டுவதும் உண்டு. உடல்நிலையும் எண்ணும் பொருந்தாவிட்டால் விரலைக் குத்திப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் கொடிய குழப்பம் வயிற்றுவழி டயாலிசிஸில் நேர்ந்தது. சிறுநீரகம் செயலிழந்தவரின் வயிற்றுக்குள் கரைசலைச் செலுத்தி இரத்தத்தைச் சுத்திகரிக்கும் முறை அது. அந்தக் கரைசல்களில் சிலவற்றில் ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற குளுக்கோஸ் பாலிமர் உண்டு. இரத்தத்தில் அது உடைந்து மால்டோஸ் என்ற வேறொரு சர்க்கரை ஆகிறது. ஜிடிஎச்-பிக்யூக்யூ என்ற நொதி கொண்ட ஸ்ட்ரிப்புகளுக்கு மால்டோஸுக்கும் குளுக்கோஸுக்கும் வேறுபாடு தெரியாது. மீட்டர் உயர்ந்த எண்ணைக் காட்டும்; இன்சுலின் ஏற்றுவார்கள்; உண்மையான சர்க்கரையோ தரைமட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். 1997 முதல் 2009 வரை இத்தகைய ஸ்ட்ரிப்புகளின் பொய்க்கணக்கோடு தொடர்புடைய 13 மரணங்கள் பதிவாகியிருப்பதாக 2009இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. கரைசலை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்தத் தடுமாற்றம் இருக்கலாம். உங்கள் வீட்டில் வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருந்தால், பையின் மேல் ஐகோடெக்ஸ்ட்ரின் என்று இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால், ஸ்ட்ரிப் குப்பியையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், இந்த நொதிதானா என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைச் சர்க்கரைக் கணக்கு எழுதும் நோட்டின் முதல் பக்கத்தில், இரவு நேரத்தில் வருகிற ஆம்புலன்ஸ்காரர் கண்ணிலும் படும்படி பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.